ஐந்தாம் நாள் யாரும் எங்கேயும் போக வேண்டாம்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டதால் இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலையில் கூடாரம் போட்டுத் தங்குவதைப் பற்றித்தான். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்தின் மேல்பக்கம் ஒரு சமதளம் உண்டு. சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஏப்ரல், மே முழுக்க யாராவது குடும்பத்தோடு அங்கே கூடாரம் அடித்திருப்பார்கள். அவர்களுக்குத் தண்ணீர்க் குழாயைக் காட்டுவதும், கேட்டால் தேங்காய் துருவிக் கொடுத்தனுப்புவதும், சண்டை வந்தால் சமாதானம் செய்வதும் என் பொறுப்பு. அப்படிப் பார்த்துப் பழகியதை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

கேள்வி: மே மாதம் பத்து நாள் ஏற்காட்டில் நண்பர் ஒருவருடைய எஸ்டேட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். நான், கணவர், மாமியார், எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், கொழுந்தனார் குடும்பத்தில் நாலு பேர், ஆக ஒன்பது பேர். கணவர் ஒவ்வொரு நாளும் எங்கே போவது என்று எழுதி வைத்துவிட்டார். நடுவில் ஒரு நாளுக்கு மட்டும் 'ஓய்வு' என்று எழுதியிருக்கிறார். 'அவ்வளவு தூரம் போய் ஒரு நாளைத் தூங்கிக் கழிப்பதா?' என்கிறார் கொழுந்தனார். எனக்கோ அது மூன்று வேளையும் சமைக்கிற நாள் என்றுதான் தோன்றுகிறது. அந்த நாள் தேவைதானா? தேவை என்றால் அதை எப்படிக் கழிப்பது?
(வாசகி, அம்மாபேட்டை, சேலம்)

பதில்: கண்டிப்பாகத் தேவை. ஆனால் 'ஓய்வு' என்று மொட்டையாக எழுதிவிட்டால் போதாது. யாருக்கு ஓய்வு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

மூன்று வேளையும் சமைக்கிற நாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது நூற்றுக்கு நூறு நிஜம். ஊர் சுற்றப் போகிற நாளில் காலையில் உப்புமாவைக் கிண்டி வைத்துவிட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு ஏரிக்கரைப் பக்கம் ஏதாவது ஒரு மெஸ்ஸில் முடிந்துவிடும். முகாமிலேயே இருக்கிற நாளில்தான் ஒன்பது பேருக்கு மூன்று வேளை சமையல், நடுவில் இரண்டு தடவை டீ, பிள்ளைகளுக்கு மணிக்கொரு தரம் நொறுக்குத் தீனி. எங்கள் தோட்டத்தில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஆண்கள் நாற்காலியை நிழலில் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் பாயில் புரளும். ஒரே ஒருத்தி மட்டும் விடிந்ததிலிருந்து அடுப்பு முன்னால் குனிந்த தலை நிமிராமல் இருப்பாள். 'நாளைக்கு எங்கே போகிறோம்?' என்று சாயங்காலம் முதலில் கேட்கிறவளும் அவள்தான். வெளியே போனால் ஒரு வேளையாவது யாரோ சமைத்ததைச் சாப்பிடலாம் அல்லவா?

அதனால் முதல் ஏற்பாடு அடுப்புக்கு. அன்றைக்கு ஒரே ஒரு தடவைதான் அடுப்பு எரியும் என்று முந்தின நாள் ராத்திரியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். காலையில் டீ போடுகிற கையோடு ஒரு பெரிய பாத்திரத்தில் சோறு வடித்துவிட்டு அடுப்பை அணைத்துவிடலாம். காலைப் பசிக்கு ரொட்டி, வாழைப்பழம், கடலை உருண்டை. மதியம் அதே சோற்றில் தயிர் விட்டுப் பிசைந்து, தொட்டுக்கொள்ள மாவடுவும் பருப்புப் பொடியும். மந்தாரை இலை ஒரு கட்டு வாங்கி வந்துவிட்டால் தட்டு கழுவுகிற வேலையும் இல்லை.

ராத்திரிக்குச் சேலத்துக்காரர்களுக்கு என்ன கவலை? தட்டுவடை செட் இருக்கிறதே. சின்னத் தட்டுவடையாக வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. பூண்டு மிளகாய்ச் சட்னியை எண்ணெய் கொஞ்சம் கூடவே விட்டு வதக்கி வீட்டிலிருந்தே எடுத்து வரலாம். பச்சைச் சட்னிக்கு முந்தின நாளே புதினாவும் கொத்தமல்லியும் வாங்கி எஸ்டேட் வீட்டு மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் ஒரு தட்டுவடை, அதன்மேல் பச்சைச் சட்னி, அதன்மேல் கேரட், பீட்ரூட், வெங்காயம் கலந்த துருவல், அதற்கு மேலே காரச் சட்னி தடவிய இன்னொரு தட்டுவடை. கேரட்டும் பீட்ரூட்டும் துருவுகிற வேலை கொழுந்தனாருக்கு. பொழுது வீணாகிறது என்று அவர்தானே கவலைப்படுகிறார்? ஒன்பது பேருக்குத் துருவ நல்ல நேரம் பிடிக்கும். செட் அடுக்குவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், சந்தோஷமாகச் செய்வார்கள். நீங்களும் ஓரகத்தியும் உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டும் போதும்.

இரண்டாவது ஏற்பாடு வண்டிக்கு. அடிவாரத்திலிருந்து மேலே வருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவு. மேலே வந்த பிறகும் பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், கரடியூர் என்று எங்கே போனாலும் குறுகலான ரோடு. எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடம் தேட வேண்டும். உங்கள் கணவர்தான் ஓட்டுகிறார் என்றால் நாலு நாளில் அவருக்குத் தோளும் கழுத்தும் இறுகிப்போயிருக்கும், வாய்விட்டுச் சொல்லமாட்டார். 'பால் வாங்க மட்டும்', 'சிக்னல் கிடைக்கிற இடம் வரைக்கும்' என்று ஒரு தரம் சாவியைக் கையில் எடுத்தால் அன்றைய ஓய்வு அதோடு போச்சு. எங்கள் தோட்டத்துக்கு வருகிற ஆசிரியர் குடும்பம் ஒன்று அன்றைக்குச் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடும். அவசரத்துக்கு எடுக்க வேண்டுமே, அதனால் அது இருக்கிற இடம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சும்மா எடுக்க யாருக்கும் கை வராது. பால், தயிர், மாத்திரை, மெழுகுவர்த்தி எல்லாம் முந்தின நாள் மாலைக்குள் முகாமுக்கு வந்துவிட வேண்டும்.

எந்த நாளை விடுவது என்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். முதல் மூன்று நாள் உற்சாகத்திலேயே ஓடிவிடும். தரையில் படுக்கிற தூக்கம் பழக்கமில்லாதவர்களுக்கு அரைத் தூக்கம்தான். அதன் அசதி நாலாம் நாள் வாக்கில்தான் வெளியே தெரியும். சின்னக் குழந்தை ஒன்றுமில்லாததற்கெல்லாம் அழும். பெரியவர்கள் குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு முகத்தைத் திருப்புவார்கள். கிளியூர் அருவிப் பாதையில் இறங்கி ஏறியிருந்தால் மறுநாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் பத்து நாளில் ஐந்தாம் நாள் சரியாக இருக்கும். கிளம்புகிற தேதியை ஒன்றிரண்டு நாள் முன்பின் தள்ளி, அந்த ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக விழும்படி செய்தால் இன்னும் நல்லது. சேலம், ஈரோடு, பெங்களூர் வண்டிகளெல்லாம் ஞாயிறன்றுதான் மலையேறும். கோடை விழா நாட்கள் என்றால் சொல்லவே வேண்டாம். அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சிக்கும் படகுத் துறைக்கும் அத்தனை கூட்டம் வரும். ஏறுவதற்கு ஒரு வழி, குப்பனூர் பக்கமாக இறங்குவதற்கு ஒரு வழி என்று போக்குவரத்தை மாற்றிவிடுவதும் உண்டு. அன்றைக்கு வெளியே கிளம்பினால் பாதி நாள் வண்டி வரிசையிலேயே போய்விடும் என்று கொழுந்தனாரிடம் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

அப்புறம், காலை பத்து மணி வரைக்கும் வேலை உண்டு. தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டுவது, முளைக்குச்சியைத் தட்டி இறக்குவது, கூடாரத்தைக் காலி செய்து பெருக்குவது, குடங்களை நிரப்புவது, குப்பையைக் கட்டி வண்டியில் ஏற்றுவது. எல்லோரும் கை போட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். பத்துக்கு மேல் யாரும் யாருக்கும் வேலை சொல்லக் கூடாது, அது மாமியாராக இருந்தாலும் சரி.

அதற்கப்புறம் என்ன செய்வது என்று நான் பட்டியல் போட்டுக் கொடுக்கப் போவதில்லை. அப்படிக் கொடுத்தால் அதுவும் உங்கள் கணவர் எழுதிய தாளில் சேர்ந்துவிடும். ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். மே மாதத்தில் இங்கே பலா பழுக்கத் தொடங்கிவிடும். எஸ்டேட்டில் கேட்டால் நல்ல பழமாக ஒன்று கொடுப்பார்கள். சாப்பாட்டுக்கு அப்புறம் பழைய சாக்கை விரித்து அதன் நடுவில் பழத்தை வையுங்கள். கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு நீளவாக்கில் பிளந்தால், நடுத்தண்டிலிருந்து பால் கசிந்து வரும். அதை ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோர் கையும் ஒட்டிக்கொள்ளும். தண்டைச் சீவி எடுத்த பிறகு பாதிப் பழத்தைப் பின்பக்கமாக வளைத்தால் சுளைகள் விரிந்து வெளியே தெரியும். பிள்ளைகள் நாரை விலக்கிச் சுளையை உருவட்டும், பெரியவர்கள் கொட்டையை எடுக்கட்டும், கத்தி மாமியார் கையில் இருக்கட்டும். அவசரமில்லாமல் இப்படி உட்கார்ந்தால் ஒரு பழத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். வீட்டில் பேச நேரமில்லாமல் போன பேச்சையெல்லாம் அந்தச் சாக்கைச் சுற்றி உட்கார்ந்துதான் பேசுவார்கள். எத்தனையோ தடவை கூடவே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். கொட்டையைக் கழுவிக் காயவைத்தால் மறுநாள் தணலில் சுட்டுத் தின்னலாம். தோலையும் நாரையும் மட்டும் கூடாரம் பக்கம் போடாதீர்கள். ஏன் என்பதைக் கீழே இன்னொருவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு 12 வயது, மகளுக்கு 7. வெளியே போகாத நாளில் 'போர் அடிக்குது' என்று உயிரை எடுத்துவிடுவார்கள். போன் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறோம். என்னென்ன விளையாட்டுச் சாமான் வாங்கி வரலாம்?
(வாசகர், ஓமலூர்)

பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம் தம்பி. அந்தப் புலம்பல் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் இருக்கும். அதைத் தாங்கிக்கொள்ளுங்கள், நடுவில் புகுந்து சமாதானம் சொல்லாதீர்கள். அது ஓய்ந்த பிறகு அவர்களாகவே எதையாவது கண்டுபிடித்துக்கொள்வார்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உங்கள் போனும் உங்கள் மனைவியின் போனும் அன்றைக்குப் பையிலேயே இருக்க வேண்டும். அப்பா கையில் போன் இருந்தால் எந்தப் பிள்ளையும் மண்ணைத் திரும்பிப் பார்க்காது.

மண்ணில் பார்க்க நிறைய இருக்கிறது. எஸ்டேட் வீட்டுத் திண்ணையோரம், மழை படாத சுவரடியில் பொடிமண் கிடக்கும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். விரல் நுனி அகலத்துக்குக் கூம்பு கூம்பாகக் குழிகள் இருக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் மண்ணுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டு தாடையை மட்டும் விரித்தபடி ஒரு பூச்சி காத்திருக்கும். சரிவில் எறும்பு கால் வைத்துச் சறுக்கினால் கீழேயிருந்து மண்ணை வாரி மேலே எறியும். மண் சரிந்து எறும்பு அடிக்கு வந்து சேரும். புல் நுனியால் குழியின் ஓரத்தை மெதுவாகச் சுரண்டினாலும் எறும்பு வந்துவிட்டதென்று நினைத்து மண்ணை எறியும். ஒன்றை வெளியே எடுத்துப் பொடிமண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பின்பக்கமாகவே நடந்து மண்ணுக்குள் போய்விடும். வளர்ந்த பிறகு தட்டானுக்கு இருப்பது போல நீள இறக்கையோடு பறந்துவிடும். ஏழு வயதுக்காரிக்கு ஒரு மதியப் பொழுது இதிலேயே போகும். பார்த்து முடித்ததும் பூச்சியை அதே இடத்தில் விட்டுவிடச் சொல்லுங்கள்.

பெரியவனுக்குக் கரித்துண்டு ஒன்றைக் கொடுத்துப் பாறையில் தாயக் கட்டம் வரையச் சொல்லுங்கள். புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரிகிற அளவுக்குக் கல்லில் தேய்த்தால் தாயம் உருட்ட அதுவே போதும். தேய்ப்பதற்கே வெகுநேரம் ஆகும், அதுவும் நல்லதுதான். பறவை பார்க்கிற ஆர்வம் இருந்தால் செம்மீசைச் சின்னானிலிருந்து ஆரம்பிக்கலாம். தலையில் கூரான கறுப்புக் கொண்டை, கண்ணுக்குக் கீழே சிவப்புப் பொட்டு. இந்த மலையில் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை, கூடாரத்துக்கு எதிரேயே வந்து உட்காரும்.

காப்பிச் செடியில் பச்சையாகப் பிடித்திருக்கும் காயை மட்டும் பறிக்கவிடாதீர்கள். மார்ச், ஏப்ரல் மழைக்குப் பூத்துப் பிடித்த காய் அது. நவம்பருக்கு மேல்தான் பழுத்து அறுவடைக்கு வரும். பிள்ளைகள் விளையாட்டாக உருவிப் போடுவது ஒரு வருட உழைப்பின் பலன்.

கேள்வி: ஓய்வு நாளில் அழுக்குத் துணியெல்லாம் துவைத்துவிடலாம் என்று இருக்கிறேன். மேலே வெயில் போதுமா?
(வாசகி, ஆத்தூர்)

பதில்: எல்லாவற்றையும் துவைக்க உட்கார்ந்தால் அது ஓய்வு நாள் ஆகாது அம்மா. உள்ளாடை, காலுறை, துண்டு இவை மட்டும் போதும். அவரவர் துணியை அவரவர் அலசட்டும், பத்து வயதுப் பிள்ளைக்குக் காலுறை கசக்கத் தெரிய வேண்டும். இங்கத்திய செம்மண் கறை ஈரத்தில் தேய்த்தால் இன்னும் பரவும். நன்றாகக் காயவிட்டு உதறிய பிறகு அலசுங்கள். வெயில் நன்றாகவே அடிக்கும். ஆனால் மே மாத மதியத்தில் திடீரென்று மேகம் மூடி இடியோடு மழை இறங்கும். ஒன்பது மணிக்குக் கொடியில் போட்டு இரண்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். துணியைவிட முக்கியம் படுக்கை. நாலு ராத்திரி மூச்சும் வேர்வையும் பனியும் அதில் இறங்கியிருக்கும். பாய், போர்வை, ஸ்லீப்பிங் பேக் எல்லாவற்றையும் உள்பக்கத்தை வெளியே திருப்பிக் கொடியில் போடுங்கள். அன்று ராத்திரித் தூக்கத்தில் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: போன வருடம் மலையில் பருப்பு வேகவே இல்லை. தண்ணீர் கோளாறா?
(வாசகி, சூரமங்கலம்)

பதில்: தண்ணீர் மேல் குற்றமில்லை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் இங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவுதான் தீயைக் கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது, தண்ணீர்தான் வற்றும். குக்கர் கொண்டு வாருங்கள், கீழே வைப்பதைவிட ஒரு விசில் கூட வையுங்கள். குக்கர் இல்லையென்றால் துவரம் பருப்பை விட்டுவிட்டுப் பாசிப்பருப்பை ஊறவைத்துப் போடுங்கள்.

கேள்வி: மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். சும்மா உட்கார அவருக்குப் பிடிக்காது. மற்றவர்கள் முகாமில் ஓய்வெடுக்கும் நாளில் அவரை மட்டும் எங்காவது அழைத்துப் போகலாமா?
(வாசகர், நாமக்கல்)

பதில்: அழைத்துப் போகிறவருக்கு ஓய்வு இல்லாமல் போய்விடுமே. மறுநாள் கூட்டிப் போங்கள். ஆனால் அவர் விஷயத்தை ஓய்வு நாளிலேயே தொடங்கி வைக்கலாம்.

ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட்டின் நினைவிடம் அங்கேதான். 1863 மே 30 அன்று சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த புவியியலாளர் அவர். இந்தியாவில் ஆதிமனிதர்கள் வாழ்ந்ததற்கான தேடலே அந்த ஒரு கல்லிலிருந்துதான் தொடங்கியது. கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த அவர், இந்தச் சேர்வராயன் மலையிலும் புதிய கற்காலக் கருவிகளைச் சேகரித்திருக்கிறார். ஊர் சுற்ற வருகிறவர்களில் பெரும்பாலோர் லேடிஸ் சீட்டில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இப்படி ஒருவர் இங்கே இருந்தார் என்று தெரியாமலே போகிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு.

அதனால் உங்கள் மாமனார் அந்தக் கதையை ஓய்வு நாள் மதியம் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். நீங்கள் தங்கியிருக்கும் காப்பித் தோட்டத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். கேட்டு முடித்த பிள்ளைகள் மறுநாள் தாத்தாவோடு தேவாலயத்துக்குப் போனால் அந்தப் பெயரை அவர்களே தேடிப் பிடிப்பார்கள். வழிபாட்டு நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளே போகும் முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காட்டெருமை வருகிறதாமே? நாள் முழுக்கக் கூடாரத்திலேயே இருந்தால் ஆபத்தில்லையா?
(வாசகி, மேட்டூர்)

பதில்: வரும். பெரும்பாலும் விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் நடமாட்டம். அது பாட்டுக்கு மேய்ந்துவிட்டுப் போகும். நாம் கிட்டே போகாமல், கல் எறியாமல், முகத்தில் டார்ச் அடிக்காமல், படம் எடுக்கிறேன் என்று பின்னாலேயே நடக்காமல் இருக்க வேண்டும். தனியாக நிற்கும் கிழட்டுக் காளையிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. வழியில் நின்றால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். குட்டியோடு நிற்கும் மாட்டுக்கும் குட்டிக்கும் நடுவே போகவே கூடாது.

கூடாரத்துக்கு அவற்றை வரவழைப்பது பெரும்பாலும் நாம்தான். பலாத்தோல், வாழைப்பழத் தோல், காய்கறிக் கழிவு எல்லாம் வாசனை காட்டி அழைக்கும். காட்டெருமை வராவிட்டால் குரங்கு வரும், ராத்திரியில் காட்டுப்பன்றி வரும். கழிவை எங்கே போடுவது என்று எஸ்டேட் ஆட்களிடமே கேளுங்கள். அவர்களுக்கு உரக்குழி இருக்கும். கூடாரத்துக்குள் பிஸ்கட் பாக்கெட் கூட வைக்காதீர்கள், வண்டிக்குள் வையுங்கள். செருப்பையும் ஷூவையும் போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள். இந்த மலையிலேயே வாழும் மலையாளி பழங்குடி மக்கள் அன்றைக்கு எந்தப் பக்கம் மாடு நிற்கிறது என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் போக வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேள்வி: ஓய்வுக்கென்று தனியாக ஒரு நாளை ஏன் விட வேண்டும்? எப்படியும் ஒரு நாள் மழை பெய்யும், அதையே ஓய்வு நாளாக வைத்துக்கொண்டால் என்ன?
(வாசகர், தாரமங்கலம்)

பதில்: நிறைய அப்பாக்கள் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். ஆனால் மழை நாளில் முகாமில் யாருக்கும் ஓய்வு கிடையாது. கூடாரத்தைச் சுற்றித் தண்ணீர் போக வழி வெட்ட வேண்டும். நனைந்த பாயை மாற்ற வேண்டும். அடுப்பை எங்கே வைப்பது என்று அலைய வேண்டும். பிள்ளைகள் ஒரே கூடாரத்துக்குள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சண்டை போடுவார்கள். இடி இடித்தால் கூடாரத்தில் இருப்பதே சரியில்லை, எல்லோரும் எஸ்டேட் வீட்டுக்கோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். காற்று வீசினால் சில்வர் ஓக் கிளைகள் சடாரென்று முறிந்து விழும், அதன் அடியில் கூடாரம் போட்டவர்கள் இடம் மாற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு ராத்திரி படுக்கும்போது மற்ற நாளைவிட அதிகமாகக் களைத்திருப்பீர்கள்.

வானம் வெளுத்து, வெயில் இதமாக அடித்து, 'இன்றைக்கு எங்கேயாவது போனால் எவ்வளவு நன்றாக இருக்கும்' என்று எல்லோரும் நினைக்கிற நாள் இருக்கிறதே, அதைத்தான் ஓய்வுக்குக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நிழலில் பாய் விரிக்க முடியும், படுக்கை காயும், பிள்ளைகள் உங்களை விட்டு விலகி விளையாடும். நீங்கள் குறித்து வைத்த நாளில் மழை பிடித்துக்கொண்டால் அந்த நாளை வேலை நாளாகவே எழுதிக்கொள்ளுங்கள். ஓய்வை அடுத்த வெயில் நாளுக்குத் தள்ளி வையுங்கள். பார்க்க நினைத்த இடங்களில் ஒன்றை விட்டுவிட வேண்டியிருந்தால் விட்டுவிடலாம். தாரமங்கலத்திலிருந்து ஏற்காடு அப்படியொன்றும் தூரமில்லை, இன்னொரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம்.